ரெண்டு இஞ்ச் குழாயும் ஒரு இரும்புப் படிக்கட்டும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆய்வேடு, அசைன்மெண்ட், வார இறுதி வேலைன்னு ஏகப்பட்ட ஆணி. இன்னிக்கு உட்கார்ந்து எழுத வைத்தது ரங்கூன் மாமா அனுப்பின ஒரு வாட்ஸ்அப் மெசேஜ். முன்கூட்டியே சொல்லிடறேன், பதிவு கக்கூஸ் பற்றியது. கையில் தட்டோட உட்கார்ந்திருப்பவர்கள் சாப்பிட்டு முடிச்சிட்டு வாங்க :-)

ரங்கூன் மாமான்னா என் பாட்டியோட தங்கச்சி பையன். 1964-ல் பர்மாவிலிருந்து கப்பல் ஏறி மெட்ராஸ் வந்து இறங்கினவங்க என் பாட்டி. அவங்க தங்கச்சி, அதாவது எங்க சின்னப் பாட்டி, அங்கேயே கல்யாணம் ஆகியிருந்ததால் தங்கிட்டாங்க. இன்னிக்கும் அதே வீட்டில்தான் இருக்காங்க. யாங்கோன் நகரத்தோட மேற்கு ஓரம், ஆத்தங்கரைப் பக்கம், க்யிம்யிண்டைங். வெள்ளைக்காரன் எழுதினது கெம்மண்டைன். எங்க குடும்பத்தில் எல்லாரும் கெம்மண்டைன்னுதான் சொல்வோம், அதனால் நானும் அப்படியே எழுதறேன்.

மெசேஜ் இதுதான்: "தம்பி, அம்மாவுக்கு மாடியிலேயே கக்கூஸ் வைக்கணும். பாத்ரூம் இருக்கு, ஆனா தண்ணி போற குழாய் ரெண்டு இஞ்ச்தான். கொத்தனார் அதிலேயே சேர்த்துடலாம்ங்கிறார். நீ லண்டன்ல படிக்கிறியே, கேட்டுச் சொல்லு."

நான் படிக்கிறது சரித்திரம். லண்டனில் படிக்கிறவனுக்குக் கக்கூஸ் குழாய் பற்றித் தெரிஞ்சிருக்கும்னு மாமாவுக்கு ஒரு நம்பிக்கை. ஆனா யோசிச்சுப் பார்த்தா, இதுக்கு பதில் பாதி என்ஜினியரிங்கிலும் பாதி சரித்திரத்திலும்தான் இருக்கு. அதான் இந்தப் பதிவு.

முதலில் வீட்டைச் சொல்லிடறேன். போன டிசம்பர் பத்து நாள் அங்கே போயிருந்தேன். கீழே செங்கல், மேலே தேக்கு. ரங்கூனில் பழைய வீடுகள் நிறைய இந்த ஜாதிதான். மாடியில் ரெண்டு அறை, பின்மூலையில் ஒரு பாத்ரூம். குளிக்கிற தண்ணி ஒரு ரெண்டு அங்குலக் குழாய் வழியா இறங்கித் தெருச் சாக்கடைக்குப் போகுது. கக்கூஸ் கீழே, கொல்லைக் கடைசியில், தொட்டி பக்கத்தில். மாடியிலிருந்து அங்கே போகணும்னா பதினாலு மரப்படி இறங்கி, சமையலறையைத் தாண்டி, திறந்த முற்றத்தில் இருபது அடி நடக்கணும். சென்னையில் வருஷத்துக்கு 1,400 மில்லிமீட்டர் மழைன்னா ரங்கூனில் கிட்டத்தட்ட அதுக்கு இரட்டிப்பு, அதுவும் பெரும்பாலும் மே முதல் அக்டோபருக்குள். அந்த முற்றம் எப்படிப் பாசி பிடிச்சிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

சின்னப் பாட்டிக்கு எண்பத்தாறு. முழங்கால் போச்சு. இந்த மழைக்காலத்தில் ராத்திரி ரெண்டு மணிக்கு இறங்கும்போது கடைசிப் படியில் சறுக்கி மணிக்கட்டு உடைஞ்சிருச்சு. அதுக்கப்புறம் கட்டில் பக்கத்தில் ஒரு ஓட்டை நாற்காலி, கீழே ஒரு பேசின். காலையில் அத்தை அதைத் தூக்கிக்கிட்டுக் கீழே போறாங்க. பாட்டி இப்போ சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தண்ணியே குடிக்கிறதில்லைன்னு மாமா சொன்னார். ஏன்னு கேட்டா, "மருமகளைத் தூக்க வைக்கிறது பாவம்டா"ன்னாங்களாம்.

இதோட ஒரு சிக்கல். மாடியில் கக்கூஸ் கட்டறதுக்கும் அவங்க ஒத்துக்கலை. "சமையல்கட்டுக்கு மேலே கக்கூஸா? இந்த வீட்டுல என்னிக்கும் இல்லாத வழக்கம்." இந்த 'என்னிக்கும் இல்லாத'ங்கிற வார்த்தையைத்தான் நான் பிடிச்சுக்கிட்டேன்.

*

சரி, கொஞ்சம் பின்னாடி போவோம்.

கெம்மண்டைன் முதலில் ரங்கூனே இல்லை, தனி ஊர். 1824-ல் முதல் ஆங்கிலேய-பர்மியப் போரில் அங்கே இருந்த மரக்கோட்டைக்காக ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திச் சண்டை போட்டாங்க. இப்ப நாம பார்க்கிற ரங்கூன் டவுன், அதாவது செஸ் போர்டு மாதிரி நேர் நேர் தெருக்கள், 1852-53 போருக்கு அப்புறம் வந்தது. மாண்ட்கோமரின்னு ஒரு டாக்டர், ஃப்ரேஸர்னு ஒரு ராணுவ என்ஜினியர், ரெண்டு பேரும் போட்ட திட்டம். ஆத்தங்கரையில் தட்டையான, பாதி சதுப்பான நிலம். அதை மேடுபடுத்தித் தெரு போட்டாங்க. கெம்மண்டைன் அந்தச் சதுரங்கத்துக்கு வெளியே, வடமேற்கில். அரிசி ஆலை, மர அறுவை ஆலைன்னு தொழில் வளர்ந்து மெதுவா நகரத்தோட ஒட்டிக்கிட்டது.

நிலம் தட்டைங்கிறதுதான் இங்கே மேட்டர். சாக்கடைக்கு வேண்டியது சரிவு. நாலு அங்குலக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒண்ணுன்னு ஒரு பழைய கணக்கு உண்டு, பத்தடி போனா மூணு அங்குலம் இறங்கணும். ஒரு வீட்டுக்கு அது சுலபம். ஒரு நகரத்துக்கு, மைல் கணக்கில் போகும் குழாய்க்கு? போகப் போக ஆழம் தோண்டிக்கிட்டே போய்க் கடைசியில் ஆத்து மட்டத்துக்குக் கீழே போயிடும். ரங்கூன் ஆத்தில் கடல் ஏத்தம் வேற. ஆத்துத் தண்ணி குழாய் வழியா ஊருக்குள்ளே வர ஆரம்பிச்சுடும்.

இதுக்கு ரங்கூன் முனிசிபாலிட்டி பிடிச்ச வழி அந்தக் காலத்துக்கு ரொம்பப் புதுசு. வேல்ஸில் ரெக்ஸம்ங்கிற ஊரைச் சேர்ந்த ஐசக் ஷோன் கண்டுபிடிச்ச காத்தழுத்த முறை. ஊரைச் சின்னச் சின்ன வட்டாரமாப் பிரிக்கணும். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தரைக்குக் கீழே ஒரு இரும்புக் குடம். பக்கத்து வீடுகளிலிருந்து கழிவு சரிவா வந்து குடத்தில் விழும். குடம் நிரம்பினதும் உள்ளே இருக்கும் மிதவை ஒரு வால்வைத் தூக்கிவிடும். தூரத்தில் ஒரு ஸ்டேஷனில் அமுக்கி வெச்ச காத்து குழாய் வழியா உள்ளே பாய்ஞ்சு, குடத்தில் இருப்பதை அப்படியே மேலே தள்ளி வெளியேத்தும். காலியானதும் மிதவை இறங்கும், காத்து நிக்கும், மறுபடி நிரம்ப ஆரம்பிக்கும். ஆள் வேண்டாம், நீளமான சரிவு வேண்டாம். ரங்கூனில் இந்த வேலை 1888-ல் ஆரம்பிச்சு 1890 வாக்கில் முடிஞ்சது.

இதில் ஒரு தமாஷ். அதே 1888-ல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையிலும், அதான் பார்லிமெண்ட், இதே ஷோன் யந்திரத்தைப் பொருத்தினாங்க. அதுவும் ஒரு நூற்றாண்டுக்கு மேல ஓடிக்கிட்டே இருக்கு. நான் நூலகத்துக்குப் போகும்போது பஸ் ஜன்னலிலிருந்து அந்தக் கட்டடத்தைப் பார்க்கிறேன். உள்ளே எம்பிக்கள் பேசறாங்க, கீழே ரங்கூன் டவுனோட தங்கச்சி யந்திரம் தள்ளிக்கிட்டு இருக்கு :-) ரங்கூனில் இருக்கறதும் நூத்தி இருபது வருஷம் தாண்டி வேலை செஞ்சது. ஒரு வித்தியாசம், ரங்கூன் டவுன் கழிவு நேரா ஆத்துக்குத்தான் போச்சு. சுத்திகரிப்பு நிலையம் போட்டாத்தாங்கய்ன்ல வந்தது 2005-ல்தான்.

இவ்வளவு நல்ல யந்திரம் கெம்மண்டைனுக்கு வந்துச்சா? வரலை. டவுன் சதுரங்கத்தோட நின்னுபோச்சு. கம்பெனி ஆபீஸ், கோர்ட், துறைமுகம், பெரிய கடைத்தெரு எல்லாம் இருந்த இடம் வரைக்கும் குழாய். அதுக்கப்புறம் நகரம் பல மடங்கு வளர்ந்தது. 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் ஜனத்தொகை நாலு லட்சம், அதில் பாதிக்கு மேல் இந்தியர்கள். குழாய் மட்டும் வளரவே இல்லை. இன்னிக்கும் அது டவுன் வட்டாரங்களுக்கு மட்டும்தான், மத்த ஊர் முழுக்க செப்டிக் டேங்கும் குழியும்தான்.

அப்போ குழாய் இல்லாத இடத்தில் என்ன பண்ணினாங்க? இங்கேதான் நாம வழக்கமா எழுதற ரங்கூன் கதைகளில் வராத ஆள் வர்றார்.

*

நம்ம பக்கத்து ரங்கூன் கதைன்னா என்ன? செட்டியார் கிட்டங்கி, முகலாயத் தெரு, தேக்கு மரம், துறைமுகக் கூலி, அப்புறம் 1942 நடைப்பயணம். என் குடும்பக் கதையும் அதேதான். கொள்ளுத்தாத்தா அரிசி ஆலையில் கணக்குப்பிள்ளை. போர் முடிஞ்சு திரும்பி வந்ததும், ஊரை விட்டுக் கிளம்பிய ஒரு ஆங்கிலோ-பர்மியக் குடும்பத்திடமிருந்து இந்த வீட்டை வாங்கினார்.

ஆனா தினமும் காலையில் அந்த ஊரை ஊரா வெச்சிருந்தவங்க வேற. குழாய் இல்லாத வீட்டில் ஒரு மரப்பெட்டி, அதுக்குள்ளே ஒரு வாளி. அதை எடுத்துக் கொட்டிக் கழுவி வைக்க ஒரு ஆள் வரணும். இந்த வேலையைப் பர்மியர்கள் செய்யலை. கடல் தாண்டி வந்த இந்தியர்கள்தான் செஞ்சாங்க. சென்னை ராஜதானியின் தெலுங்கு ஜில்லாக்களிலிருந்து வந்தவங்க அதிகம், தமிழர்களும் உண்டு. ஊரில் எந்த ஜாதிக்கு இந்த வேலையைத் தள்ளினோமோ, அதே ஜாதிக்காரங்களை அதே வேலைக்குக் கப்பலேத்திக் கூட்டிட்டுப் போனோம். துறைமுகத்தில் மூட்டை தூக்கினவனுக்காவது பாட்டும் கதையும் உண்டு. வாளி தூக்கினவங்களுக்கு அதுவும் இல்லை.

அவங்க இல்லைன்னா என்ன ஆகும்னு ஊருக்கு ஒரே ஒரு தடவை தெரிஞ்சது. 1941 டிசம்பர் 23-ம் தேதி ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மேல குண்டு போட்டன, 25-ம் தேதி மறுபடியும். ஊரை விட்டு ஓடினவங்களில் துப்புரவுத் தொழிலாளிகளும் இருந்தாங்க. அவங்க போனதும் பெரிய அதிகாரிகளுக்குத் தலை சுத்திப்போச்சு. ஆபீஸ் திறந்திருக்கு, கார் இருக்கு, பெட்ரோல் இருக்கு, ஆனா ஊர் நாறுது, காலரா பயம். அப்போ கவர்னரா இருந்த டோர்மன்-ஸ்மித், ஒரு பெரிய நகரத்தில் நோய்க்கும் ஆரோக்கியத்துக்கும் நடுவே நிக்கிறது இந்தக் கடைக்கோடி மனுஷன்தான்னு பிற்பாடு எழுதி வெச்சார். புரிஞ்சுக்க குண்டு விழ வேண்டியிருந்தது. 1942 மார்ச் 8-ல் ஜப்பான் படை ஊருக்குள்ளே வந்துடுச்சு. அதுக்கு முன்னும் பின்னுமா லட்சக்கணக்கான இந்தியர்கள் மலைப்பாதையில் நடந்தாங்க, பல்லாயிரம் பேர் வழியிலேயே போயிட்டாங்க. அவங்களில் வாளி தூக்கினவங்க எத்தனை பேர்னு யார் எண்ணினா?

*

இப்ப மறுபடி மாமா வீட்டு மாடிக்கு வருவோம்.

டிசம்பரில் போனப்போ அந்த வீட்டுக்குப் பின்னாடி ஒரு விஷயம் பார்த்தேன், அப்போ பெரிசா எடுத்துக்கலை. வெளிச்சுவரை ஒட்டி ஒரு குறுகின இரும்புப் படிக்கட்டு. முழுக்கத் துரு. கொல்லையிலிருந்து நேரா மாடி பாத்ரூம் சுவர் வரைக்கும் போகுது, மேலே ஒரு தளம், அதுக்கப்புறம் பலகை அடிச்சு மூடின சுவர். எங்கேயும் போகாத படி. அதில் மாமா பூந்தொட்டி வெச்சிருக்கார். "ஏதோ தீ பிடிச்சா இறங்கறதுக்கு இருக்கும்"னார்.

மாமா இப்போ அனுப்பின பாத்ரூம் போட்டோவில் உள்பக்கத்திலிருந்து அந்த இடம் தெரிஞ்சது. பலகைக்கு நடுவே பழைய கதவுச் சட்டத்தோட தடம். உடனே பொறி தட்டுச்சு. இந்தியா, பர்மா, சிலோன்னு வெள்ளைக்காரன் பங்களா எங்கே இருந்தாலும் பாத்ரூமுக்கு வெளிப்பக்கம் ஒரு தனிக் கதவும் படியும் இருக்கும். வாளியை எடுக்க வர்றவர் வீட்டுக்குள்ளே கால் வைக்காம வந்து போறதுக்கு. அது தீக்கான படி இல்லை, தீட்டுக்கான படி.

அதாவது இந்த மாடியில் கக்கூஸ் என்னிக்குமே இல்லாதது இல்லை. ஆரம்பத்திலேயே இருந்தது. இல்லாதது குழாய்தான். ரெண்டு அங்குலக் குழாய் ஏன் போட்டாங்கன்னா அது போதும்னுதான் போட்டாங்க. குளிக்கிற தண்ணி குழாயில் போகும், மத்தது ஆள் தலையில் போகும். நாலு அங்குலக் குழாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மனுஷன் இருந்தார்.

ஞாயித்துக்கிழமை வீடியோ கால் போட்டு சின்னப் பாட்டிகிட்டே கேட்டேன்.

"பாட்டி, அந்த இரும்புப் படியில யாரு வருவா?"

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அட, ஆமா. தோட்டிச்சி வருவா"ன்னாங்க. (இந்த வார்த்தையை நான் மாத்தாம எழுதறேன், அவங்க சொன்னது அதுதான்.) "நாங்க வீடு வாங்கி வந்தப்ப எனக்கு எட்டு வயசு இருக்கும். மாடியில பொட்டி இருந்துச்சு. அம்மா பிரசவத்துக்கு அப்புறம் அதைத்தான் புழங்கினா. அந்தப் பொம்பளை விடியக்காலம் வருவா. படியில தகர வாளி இடிக்கிற சத்தம் கேட்டா மணி ஆறுன்னு அர்த்தம். ஒரு சின்னப் பொண்ணும் கூட வரும், என் வயசுதான்."

"அப்புறம்?"

"அப்பா கொல்லையில தொட்டி கட்டினாரு. அதோட அவ வர்றது நின்னுபோச்சு. கதவையும் பலகை அடிச்சு மூடிட்டாங்க."

"அவங்க பேர் என்ன பாட்டி?"

பாட்டி யோசிச்சாங்க. நிஜமாவே ரொம்ப யோசிச்சாங்க. அந்தக் காலத்துக் குதிரைவண்டிக்காரன் பேர் சொன்னாங்க, பால்காரர் பேர் சொன்னாங்க, வீட்டு நாய் பேர் டைகர்னு சொன்னாங்க. "தீபாவளிக்குச் சேலை வெப்போம், படி மேலேயே வெச்சுடுவோம், எடுத்துக்குவா"ன்னாங்க. பேர் மட்டும் வரலை. "கேட்டதே இல்லடா"ன்னு கடைசியில் சொன்னாங்க.

எனக்கு அவங்களைக் குத்தம் சொல்லத் தோணலை. எட்டு வயசுப் பொண்ணு. என் பாட்டி, அக்காக்காரங்க, மெட்ராஸில் எனக்கு ரங்கூன் கதை ஆயிரம் சொல்லியிருக்காங்க, இந்தப் படியை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஒரு குடும்பத்தோட ஞாபகத்தில் நாய்க்கு இடம் இருக்கு, தினம் வந்த மனுஷிக்கு இல்லை.

*

வாளியை ஒழிச்சது சட்டமோ மனசாட்சியோ இல்லை, தொட்டிதான். செப்டிக் டேங்க் வந்த கதையும் சின்னதா சொல்லிடறேன். 1860 வாக்கில் ஃப்ரான்ஸில் மூரான்னு ஒருத்தர் வீட்டுக் கழிவை ஒரு மூடின தொட்டியில் விட்டுப் பார்த்தார். வருஷங்கள் கழிச்சுத் திறந்தா நினைச்ச அளவு திடக்கழிவே இல்லை. 1895-ல் இங்கிலாந்தில் எக்ஸிட்டர் ஊரில் டொனால்ட் கேமரன் அதையே பெரிசாக் கட்டி, செப்டிக் டேங்க்னு பேர் வெச்சார். காத்துப் படாத இருட்டில் கிருமிகள் கழிவைத் தின்னு கரைக்குது. தெருவில் குழாய் இல்லாத வீட்டுக்கும் தண்ணி ஊத்திக் கழுவற கக்கூஸ் சாத்தியமாச்சு. கெம்மண்டைன் மாதிரி இடங்களுக்கு அதுதான் விடுதலை.

நம்ம நாட்டில்? உலர் கழிப்பிடம் கட்டறதையும் கையால் அள்ள வைக்கிறதையும் தடை பண்ணி 1993-ல் ஒரு சட்டம், அது போதாம 2013-ல் இன்னொண்ணு. அப்புறமும் மேன்ஹோலுக்குள்ளே இறங்கிச் சாகறாங்க. திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' ஆவணப்படம் (2017) பார்க்காதவங்க பாருங்க. கக்கூஸ்ங்கிற வார்த்தையே டச்சுக்காரன் விட்டுட்டுப் போனது. நம்மகிட்டே இருந்த வார்த்தை கொல்லைக்குப் போறது, வெளிக்குப் போறது, ஆத்தங்கரைக்குப் போறது. எல்லாமே 'போற' வார்த்தைதான், இடம் எப்பவும் வீட்டை விட்டுத் தள்ளி. சின்னப் பாட்டி சமையல்கட்டு மேலே வேண்டாம்னு சொல்றதில் அந்தப் பழக்கம் அப்படியே இருக்கு. வாளி இருந்த காலத்தில் அதில் அர்த்தம் இருந்தது, நாத்தம், ஈ, நோய். தண்ணி அடைப்பு வந்ததுக்கப்புறம் இல்லை. பீங்கானுக்கு அடியில் வளைஞ்ச குழாயில் ரெண்டு அங்குலத் தண்ணி நிக்குதே, அதுதான் அடைப்பு. 1775-ல் அலெக்ஸாண்டர் கம்மிங்னு ஒரு கடிகாரக்காரர் வாங்கின காப்புரிமை. அந்தத் தண்ணி நிக்கிற வரைக்கும் வாயு மேலே வராது.

*

இனி மாமாவுக்கு நான் எழுதின பதில். கூடப் படிச்ச சிவில் நண்பன் ஒருத்தன் துபாயில் இருக்கான், அவன்கிட்டே ரெண்டு மணி நேரம் பேசினதோட சாரம்.

ஒண்ணு, அந்த ரெண்டு அங்குலக் குழாயைத் தொடவே வேண்டாம். கொத்தனார் சொல்றபடி அதில் கக்கூஸைச் சேர்த்தா ஒரே மாசத்தில் அடைச்சுக்கும். அடைக்காட்டியும், கழிவு இறங்கும்போது குளியல் பக்கத்து அடைப்புத் தண்ணியை இழுத்துக்கிட்டுப் போயிடும், அப்புறம் வீடு பூரா நாறும். அதோட குளிக்கிற தண்ணி தொட்டிக்குப் போகாம இருக்கறதே நல்லது. தொட்டி சின்னது.

ரெண்டு, கழிவை அரைச்சுச் சின்னக் குழாயில் தள்ளும் மோட்டார் கக்கூஸ் கிடைக்குது. ஃப்ரான்ஸில் 1958-லிருந்து செய்யறாங்க. யோசிச்சா இதுவும் ஷோன் குடத்தோட பேரன்தான். ஆனா அது கரண்டை நம்பி இருக்கு. 2021-க்கு அப்புறம் ரங்கூனில் கரண்ட் எப்படி இருக்குன்னு மாமாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி ரெண்டு மணிக்குப் பாட்டி எழுந்தா கரண்ட் இருக்கணும்னு சாமிகிட்டே வேண்டிக்க முடியாது.

மூணு, தேக்குத் தளத்துக்கு அடியில் குழாயைப் படுக்க வைக்காதீங்க. சரிவு கொடுக்கணும்னா உத்தரத்தை வெட்டணும். வெட்டினா வீடு போச்சு.

நாலு, அப்போ எங்கே? அந்த மூடின கதவு இருக்கற வெளிச்சுவரை ஒட்டி. பீங்கானை அங்கே வெச்சா, நாலு அங்குலக் குழாய் சுவரைத் தாண்டி உடனே வெளியே வந்து நேரா கீழே இறங்கிடும். உத்தரம் தப்பிச்சுது, சமையலறைக் கூரையும் தப்பிச்சுது. அதே குழாயை மேலே கூரை தாண்டி நீட்டி விட்டா காத்துக்குழாய். கீழே திரும்பற இடத்தில் ஒரு சோதனைத் தொட்டி, அங்கிருந்து இருபது அடிக்கு ஆறு அங்குலம் சரிவு.

அஞ்சு, இது நண்பன் அழுத்திச் சொன்னது. கீழ் கக்கூஸ் குழாயோட இதைச் சேர்க்காம தனியாத் தொட்டிக்குக் கொண்டு போங்க. மழைக்காலத்தில் தொட்டி நிறைஞ்சிருக்கும்போது மேலே ஊத்தினது கீழே பீங்கான் வழியா எட்டிப் பார்க்கும். தனியாப் போனா, கீழ் கக்கூஸ் மக்கர் பண்ற நாளில்கூட மாடியில் இருந்து பத்தடி உயரம் தள்ளிக் கொடுக்கும். தட்டை ஊரில் நமக்குக் கிடைக்கிற ஒரே சரிவு மாடிப்படி உயரம்தான். தொட்டியை இப்பவே ஒரு தடவை உறிஞ்சி எடுத்துட்டு ஆரம்பிங்க.

ஆறு, முழங்காலுக்கு மேற்கத்திய பீங்கான்தான் வேணும். பக்கத்தில் சுவரில் ஒரு பிடிகம்பி. தொட்டி சின்னதுங்கறதால் குறைச்சலாத் தண்ணி கேட்கும் மாடல் வாங்குங்க, கரண்ட் இல்லாத நாளைக்கு ஒரு வாளி தண்ணி பக்கத்திலேயே இருக்கட்டும். (இந்த வாளி பரவாயில்லை.)

மாமா படிச்சிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்போ அந்த இரும்புப் படி?"

குழாய் இறங்கறதே அது நிக்கற இடத்தில்தான், எடுத்துத்தான் ஆகணும்னேன்.

அதுக்கப்புறம் பாட்டிகிட்டே அவர் என்ன பேசினார்னு தெரியலை. நான் பேசினது இவ்வளவுதான்: "பாட்டி, இந்த மாடியில கக்கூஸ் முன்னாடியே இருந்திச்சு. அப்போ தூக்க ஒரு ஆள் வேணும். இப்ப அத்தை தூக்கறாங்க. குழாய் வெச்சா யாரும் தூக்க வேண்டாம்." கொஞ்சம் பொறுத்து, "சரி, அந்த மூலையிலன்னா வெச்சுக்குங்க. சமையல்கட்டுக்கு நேர் மேல வராதுல்ல?"ன்னாங்க. வராது பாட்டி, வராது.

போன வாரம் போட்டோ வந்தது. படியை அறுத்து எடுத்தாச்சு, சுவரில் புதுசா வெள்ளைக் குழாய். துருப்பிடிச்ச இரும்பை எடைக்குப் போட்டாங்களாம். ஒரே ஒரு படியை மட்டும் பாட்டி போட வேண்டாம்னு எடுத்து வைக்கச் சொல்லியிருக்காங்க. எதுக்குன்னு மாமா கேட்டிருக்கார். "இருக்கட்டும்"னு மட்டும் சொன்னாங்களாம்.

இன்னிக்குக் காலையில் அத்தை மெசேஜ் பண்ணியிருந்தாங்க: "நேத்து ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அம்மா ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சாங்க."

உங்கள் வீட்டில் பர்மா, மலேயா, சிலோன் போய் வந்த பெரியவர்கள் யாராவது இருந்தா ஒரு உதவி. அந்தக் காலத்து வீட்டில் பின்படி இருந்துச்சான்னு கேளுங்க. இருந்திருந்தா, அதில் வந்தவங்க பேர் ஞாபகம் இருக்கான்னு கேளுங்க. கிடைச்சா பின்னூட்டத்தில் எழுதுங்க. எனக்கு இதுவரைக்கும் ஒரு பேர்கூடக் கிடைக்கலை.

டிஸ்கி: ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. அதில் இதெல்லாம் ஒரு வரிகூட வராது :-(